ரப்பர் ஷீட்டில் வந்த வெளிச்சம்

1. சாக்கில் நுழைந்த விரல்

அந்த அதிகாரி மாதம் ஒருமுறை குளுவாங்கிலிருந்து வருவான். அன்று வந்தவன் நாங்கள் ஒட்டுப்போட்டு அடுக்கி வைத்திருந்த சாக்குகளில் ஒன்றை உருவினான். தையல்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினான். விரல் மறுபக்கம் வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தான், அதிலும் வந்தது. மூன்றாவது நான் தைத்த சாக்கு. அதிலும்தான்.

இது மலாய் நாட்டில், ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது. எங்கள் தோட்டம் லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது. ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து ஃபேக்டரியில், ரப்பர் ஷீட்டைக் கட்டி அடுக்குவதற்கு ஒரு பேக்கிங் அறை உண்டு. அங்கே பதினாறு பெண்களை உட்கார வைத்து, ராணுவத்தின் கிழிந்த அரிசிச் சாக்குகளைத் தைக்கச் சொன்னார்கள். கையில் கோணி ஊசி, நூலுக்கு அன்னாசி நார். கூலி என்று கிடைத்தது மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் அரிசியும்.

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும். உடைந்த மலாயில் நிதானமாகப் பேசினான். அதைக் கணக்கெழுதும் கிராணியார் தேவசகாயம் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"அடுத்த மாசம் வருவாராம். தையல் இப்படியே இருந்தா ஸ்டோரை மூடிடுவாராம். இங்க வேலை செய்ற குடும்பமெல்லாம் சயாமுக்குப் போகணுமாம், ரயில் பாதை போட."

சயாம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல் லயத்து வீடுகளிலிருந்து மூன்று மாத வேலை என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சாக்குத் தைக்கும் வீட்டு ஆம்பிளைகளை மட்டும் இதுவரை விட்டு வைத்திருந்தார்கள். அதில் என் கணவர் சவரிமுத்துவும் ஒருவர்.

அவர் ஸ்டோரில் என்ஜின் ஓட்டியவர், நல்ல தச்சரும்கூட. அதுதான் எனக்கு இரட்டைப் பயம். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் பிடிக்க வந்தபோது, கைவேலை தெரிந்தவன் யார் என்று கேட்டுத்தான் முதலில் பிடித்தார்கள். அங்கிருந்த தச்சரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு ஏற்றினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்றே கிராணியார் பேர்ப் புத்தகத்தை எடுத்து, சவரிமுத்து பெயருக்கு நேரே இருந்த 'என்ஜின் டிரைவர்' என்பதைச் சுரண்டிவிட்டு 'சாக்குத் தூக்கி' என்று எழுதிவிட்டார்.

2. கை தெரியாத அறை

எங்களுக்குத் தைக்கத் தெரியாமல் இல்லை. கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பேக்கிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. ரப்பர் திருடு போகும் என்று துரைமார் அப்படிக் கட்டியிருந்தார்கள். நாலு பக்கமும் பலகைச் சுவர், மேலே தகரம். முன்பெல்லாம் என்ஜின் ஓடும், பல்பு எரியும். இப்போது என்ஜினுக்கு எண்ணெய் இல்லை. மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. அந்த நாளில் துணி கிடையாது, சாக்குத்தான் எங்களுக்குப் பாவாடை, சட்டை எல்லாம். ஒரு சாக்கு வெளியே போனால் நாலு பேர் மானத்தை மறைக்கலாம். அதனால் எங்களை உள்ளே விட்டுப் பூட்டச் சொல்லி அதிகாரியின் உத்தரவு. சாக்கை வெளியே கொண்டுபோய்த் தைக்கக் கேட்டதற்கும் 'தா போலே' என்று ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டான்.

ஆக, ஊசியைத் தடவித் தடவித்தான் குத்தினோம். மத்தியானம் மேகம் கட்டினால் பலகை இடுக்கில் வந்த கொஞ்ச வெளிச்சமும் போச்சு. எனக்கு எதிரே உட்காரும் வள்ளியக்கா, ஒரு நாள் தன் பாவாடையையும் சேர்த்துச் சாக்கோடு தைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சிரித்தோம். ஆனால் விரல் நுழைந்த அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

3. வெளிச்சத்தைப் பார்ப்பதே என் பழைய தொழில்

சண்டைக்கு முன்னால் நான் சார்ட்டிங் வேலை செய்தவள். காய்ந்த ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த ஷீட் வெளிச்சத்தை உள்ளே விடும், பாகு மாதிரி தெளிவாக இருக்கும். உள்ளே ஈரம் இருந்தால் வெள்ளையாகத் திட்டுத் தெரியும். தூசியோ குமிழியோ இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஷீட் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. என் கண்ணைத் தப்பி ஓர் ஊசிமுனைத் தூசி போகாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதிகாரி போன நாலாம் நாள் மழையில் பேக்கிங் அறைக் கூரை ஒழுகியது. சவரிமுத்து மேலே ஏறி ஒரு தகரத்தை நகர்த்தினார். சட்டென்று அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. நார் ஊசிக்காதில் நுழைவது தெரிந்தது. தகரத்தை மூட வேண்டாம் என்று நான் கீழிருந்து சொன்னேன். மழை வந்தால் உங்கப்பனா குடை பிடிப்பான் என்று அவர் கேட்டார். மூலையில் விற்காமல் கிடந்த ஷீட் குவியலிலிருந்து ஒன்றை உருவி நீட்டினேன்.

"இதை வச்சு மூடுங்க."

"ரப்பர்ல கூரையா? உனக்குக் கிழங்கு சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பித்தம் தலைக்கேறிடுச்சு மேரி."

ஆனாலும் வைத்துப் பார்த்தார். அது புகை போட்டுக் காயவைத்த ஷீட், காப்பி நிறம். வெளிச்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. பதினாறு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

4. கூரையில் எட்டு ஷீட்

புகை போடாமல், மெல்லிசாக, நிழலில் காய வைத்து எடுத்தால் இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் விடும் என்று எனக்குத் தெரியும். கிராணியாரிடம் போய்ச் சொன்னேன். இருக்கிற ரப்பர், மரம், தகரம் எல்லாம் இப்போது ராணுவச் சொத்து, தொட்டால் தலை போகும் என்றார். அனுமதி கேட்கலாமா என்றேன். கேட்டால் யார் செய்யப் போகிறான் என்று பெயர் கேட்பான், அப்புறம் உன் புருஷன் கதை என்ன என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தனக்கு இந்த வாரம் கண் சரியில்லை, ஸ்டோர் பக்கம் எதுவும் தெரியாது என்றார். நல்ல மனுஷன்.

லயத்துக்குப் பின்னால் இருந்த மரங்களில் பட்டையைக் கீறிப் பால் எடுத்தோம். பாலை உறைய வைக்கும் ஆசிட் கிடையாது, புளித்த தேங்காய்த் தண்ணீரை ஊற்றினோம். உறைந்ததை ஷீட் மெஷினில் கையால் சுற்றி அழுத்தினோம். வழக்கமாகக் கடைசியில் வரி போடும் உருளையில் விடுவார்கள். அந்த வரி வெளிச்சத்தை முறிக்கும் என்று வேண்டாம் என்றேன். வழுவழு உருளையிலேயே நாலைந்து முறை விட்டு அப்பளம் போல் மெல்லிசாக்கினோம். பக்கத்துக் கொட்டகையில் கழியில் போட்டு நிழலில் ஐந்து நாள் காய வைத்தோம்.

கூரையில் எட்டு இடத்தில் தகரத்தை எடுத்துவிட்டு சவரிமுத்து மரச்சட்டம் அடித்து ஷீட்டைப் பொருத்தினார். அன்று பேக்கிங் அறைக்குள் உட்கார்ந்தபோது வள்ளியக்காவின் மூக்குத்தித் துளையில் செருகியிருந்த குச்சிகூட எனக்குத் தெரிந்தது. எல்லாரும் வேகமாகத் தைத்தோம். பழைய தையலைப் பிரித்துவிட்டு நெருக்கமாகப் போட்டோம். எனக்குக் கால் தரையில் படவில்லை. வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, கூரை என் யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

5. யாருமே மீறாத விதி

ஆறாம் நாள் மழையே இல்லாத நல்ல வெயில். மத்தியானம் வள்ளியக்கா தலையில் என்னவோ பொத்தென்று விழுந்தது. கையை வைத்தாள், கை ஒட்டிக்கொண்டது. அண்ணாந்தால், ஷீட் தொட்டில் மாதிரி தொய்ந்து, நடுவில் கசிந்து, கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. எட்டில் ஐந்து அப்படி. தைத்து அடுக்கியிருந்த சாக்குகளின் மேல் பிசின் விழுந்து, மேலே இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. இழுத்தால் சாக்குக் கிழிந்தது.

ஷீட்டை வெயிலில் போடக் கூடாது என்பது தோட்டத்தில் பாலகன்கூட அறிந்த விதி. தூக்கிக்கொண்டு போகும்போதுகூட மர நிழலாகப் பார்த்துத்தான் போவோம். கங்காணி அடித்துச் சொல்லிக்கொடுத்த விதி அது. நாங்கள் எல்லாரும் அவ்வளவு ஒழுங்காக அதைக் கடைப்பிடித்ததால், வெயிலில் போட்டால் ஷீட் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்தரும் பார்த்ததே இல்லை. தரம் குறையும், விலை போகாது என்றுதான் நினைத்திருந்தோம். உருகித் தலையில் வடியும் என்று யாருக்குத் தெரியும்? தினமும் ஷீட்டைக் கையால் தொட்ட எனக்கே தெரியவில்லை. கூரையில் வைத்தால் அது வெயிலில்தான் கிடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். கர்வம் யோசிக்க விடவில்லை.

வள்ளியக்கா ஒட்டிய முடியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே சொன்னாள். "உன் பேச்சைக் கேட்டு என் புருஷன் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்டி."

அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. அன்று வேலை முடிந்ததும் கக்கூஸ் பக்கம் போய் நின்று அழுதேன். பதினாறு குடும்பம். அதிகாரி வர இன்னும் எட்டு நாள்.

6. கொட்டகையில் கண்டது

மறுநாள் காலை, ஒட்டிய சாக்குகளைப் போட இடம் தேடி ஷீட் காயவைத்த கொட்டகைக்குப் போனேன். கூரைக்குப் போக மிச்சமான ஷீட்டுகள் அங்கேயே கழியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதே நாள் எடுத்த பால், அதே மெஷின், அதே தேங்காய்த் தண்ணீர். தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. தெளிவாக, இளம் மஞ்சளாக இருந்தன.

அந்தக் கொட்டகை இருட்டும் இல்லை. பக்கவாட்டில் திறந்தது, ஷீட்டைத் தாண்டி வெளியே நிற்கும் மரத்தின் கிளை தெரிந்தது. நல்ல வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டேதான் இருந்தது. விழாதது வெயில் மட்டும். கூரையின் இறவாரம் நீட்டமாக இறங்கியிருந்ததால் வெயிலும் படவில்லை, மழையும் படவில்லை. எனக்கு வேண்டியது வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கூரையில் வைத்தது தப்பு. சுவரில் வைத்திருக்க வேண்டும்.

பேக்கிங் அறைக்கும் நாலு அடிக்கு மேல் இறவாரம் உண்டு. காலை வெயிலும் மாலை வெயிலும் அடிக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களை விட்டுவிட்டு, மற்ற இரண்டு நீளச் சுவர்களில் இடுப்புக்கு மேலே பலகையை எடுத்துவிடலாம் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன தடவை உன்னை நம்பி மேலே ஏறினேன், இந்தத் தடவை தரையில்தானே நிற்கப் போகிறேன், விழுந்தாலும் அடிபடாது என்றார். அவர் கிண்டல் செய்ததில்தான் எனக்குத் தெம்பு வந்தது.

கிராணியார்தான் தயங்கினார். கூரை வெளியே தெரியாது, சுவரை வெட்டினால் மறைக்க முடியாது. ஷீட்டைக் கத்தியால் கிழித்துச் சாக்கைத் திருடினார்கள் என்றால் முதலில் போவது தன் தலை என்றார். அதற்கு சவரிமுத்து வெளிப்பக்கம் மூங்கிலை நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் அடிப்பதாகச் சொன்னார். பெண்களும் சும்மா இருக்கவில்லை. வள்ளியக்காதான் முதலில் எழுந்து பலகையைப் பிடித்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் பிடித்தாள்.

கூரையில் பழையபடி தகரத்தைப் போட்டோம். சுவரில் ஷீட்டைச் சட்டத்துக்குச் சட்டம் இழுத்துக் கட்டினோம். லயத்துக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பு ஒரு மூட்டை கல்லாகிக் கிடந்தது. அதை இடித்துக் கரைத்து உள்சுவர் முழுக்க அடித்தோம். அதன் பலனை நான் எதிர்பார்க்கவில்லை, இரு பக்கத்திலிருந்தும் வந்த வெளிச்சம் வெள்ளையில் பட்டு நடு அறைவரை போனது. மழைச் சாரல் பட்ட ஓரங்கள் மட்டும் வெளுத்து, மறுபடி காய்ந்து தெளிந்தன. பூசணம் பூத்தால் ஈரத்துணியால் துடைத்தோம். மூன்று நாளில் சுவர் முடிந்தது. மீதி ஐந்து நாள், பூட்டிய கதவுக்குள் சாப்பாட்டு நேரம்கூடப் பார்க்காமல் தைத்தோம்.

7. சியாபா பிகின்

அதிகாரி வந்த அன்று மேகம் கட்டியிருந்தது. வெயில் இல்லாத அன்றும் அறை வெளிச்சமாக இருந்தது. கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். போன மாதம் இருட்டு அறையாகப் பார்த்தது, இன்று உள்ளே இருப்பவர்கள் முகம் தெரிகிறது.

முதலில் சாக்கைத்தான் எடுத்தான். விரலை அழுத்தினான். போகவில்லை. கட்டை விரலை வைத்துத் திருகினான். போகவில்லை. அடுக்கின் அடியிலிருந்து இரண்டு உருவினான். அதிலும் போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு சுவர்ப்பக்கம் போய் ஷீட்டைத் தட்டினான். முகர்ந்து பார்த்தான். எங்கள் பக்கம் திரும்பி, "சியாபா பிகின்?" என்றான். யார் செய்தது என்று கேட்கிறான்.

அந்த நொடியில் எனக்கு சயாம் மறந்துபோனது, பக்கத்துத் தோட்டத்துத் தச்சர் மறந்துபோனார். இவ்வளவு நாள் அவமானப்பட்டவள் அல்லவா, யார் செய்தது என்று ஒருத்தன் கேட்டதும் நெஞ்சு பொங்கிவிட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றிவிட்டேன். ஷீட் நான் செய்தது என்றால், சட்டம் யார் அடித்தது என்று அடுத்த கேள்வி வரும். கதவோரத்தில் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு சவரிமுத்து நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டியிருந்தது. ஊன்றிய கையை எடுத்துவிட்டேன்.

அதற்குள் கிராணியார் மலாயில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"யாரும் செய்யல துவான். வெள்ளைக்காரத் துரை காலத்துலயே இருந்துச்சு. அவருக்கு ரப்பர்ல எதையாவது செஞ்சு பார்த்துக்கிட்டே இருக்கணும். குண்டு போட்டப்ப வெளிச்சம் வெளிய தெரியக் கூடாதுன்னு மேல பலகை அடிச்சு மறைச்சோம். இப்பப் பலகையைக் கழட்டிட்டு, சுண்ணாம்பு மட்டும் அடிச்சோம்."

அதிகாரி சுவரை மறுபடி பார்த்தான். சட்டத்து மரம் புதுசு, ஆணித்தலை மட்டும் பழசு. கண்ணுள்ளவனுக்குத் தெரிந்திருக்கும். பார்த்தானா, பார்த்தும் விட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஓராங் பூத்தே பாண்டாய்" என்றான். வெள்ளைக்காரன் கெட்டிக்காரனாம். பதினாறு பெண்களும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் காது மடல் எரிந்தது. அடுத்த தையலைக் குத்தினேன்.

அதிகாரியின் கார் போன பிறகு வள்ளியக்கா என் பக்கம் சாய்ந்தாள். "நல்லவேளை உட்கார்ந்தே. எழுந்திருந்தா ஊசியால குத்தியிருப்பேன்" என்றாள். அதுதான் எட்டு நாளில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

8. பிறகு

ஸ்டோரை மூடவில்லை. அதற்குப் பிறகும் கீழ் லயத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். அந்த வீடுகளின் அழுகையை இங்கே எழுத என்னால் முடியாது. சாக்குத் தைத்த பதினாறு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை சவரிமுத்து சாக்குத் தூக்கியாகவே இருந்தார்.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தார். பேக்கிங் அறையைப் பார்த்துவிட்டு, கம்பெனிச் சுவரை யார் வெட்டியது என்று கேட்டார். கிராணியார் கண்ணை இமைக்காமல், ஜப்பான்காரன் வெட்டினான் என்றார். துரைக்குக் கோபம் போய்விட்டது. வெளிச்சம் பிடித்துப்போய், ஷீட்டை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் கண்ணாடி போட்டார். நான் மறுபடி சார்ட்டிங்குக்குப் போனேன். இருபத்தேழு வருஷம் அந்த வெளிச்சத்தில்தான் ஷீட் பார்த்தேன். விருந்தாளிகள் வந்தால் துரை அந்தச் சுவரைக் காட்டி, ஜப்பான்காரன் செய்த ஒரே உருப்படியான காரியம் என்பார். நான் குனிந்து ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி கட்டும் பிள்ளைகள் கூரையில் ஒளி விடும் பிளாஸ்டிக் ஷீட் போடுகிறார்கள். உருகாது, நல்ல சாமான்தான். ஆனால் கீழே வேலை செய்கிறவர்களைக் கேட்டால் தலை சுடுகிறது, கண் கூசுகிறது என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிச்சத்தைக் கொண்டு வாருங்கள், வெயிலைக் கொண்டு வராதீர்கள். இறவாரத்துக்குக் கீழே சுவரைப் பாருங்கள், உள்ளே வெள்ளை அடியுங்கள். உங்கள் சாமானை எதில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களோ, அதில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன், அது தொழிலைப் பற்றியது இல்லை. செய்த வேலைக்குப் பெயர் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சவரிமுத்து எழுபத்தொரு வயதில், எங்கள் வீட்டில், அவருடைய கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். இனி அவரை யாரும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதனால் எழுதுகிறேன். அந்தச் சுவர் வெள்ளைக்காரன் செய்தது இல்லை, ஜப்பான்காரன் செய்ததும் இல்லை. ஷீட் என்னுடையது. சட்டம் அடித்தது என் புருஷன்.